பெயர் இல்லாத பத்துப் பேர்

வாசகர் கடிதம் (சுருக்கம்):

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 36 ஆண்டுகள் பணியாற்றி, வட்டாட்சியராக ஓய்வு பெற்று 14 மாதங்கள் ஆகின்றன. பணியில் இருந்தவரை நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது அழைப்புகள் வரும். இப்போது இரண்டு வந்தால் அதிகம். அதிலும் ஒன்று கடன் அட்டை விற்பவர்களுடையது. சென்ற மாதம் மைத்துனர் வீட்டுத் திருமணத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்தேன். இப்போதைய வட்டாட்சியர் வந்ததும், மண்டபத்தில் நின்ற ஒரு பையன் என்னைப் பின்னால் போய் உட்காரச் சொன்னான். மைத்துனர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் கையெழுத்தால் சான்றும் பட்டாவும் பெற்ற எத்தனையோ பேர் அங்கே இருந்தும் ஒருவர்கூட எழுந்து இடம் தரவில்லை. பொங்கலுக்கு என் பழைய டிரைவர் மட்டும் கரும்புக் கட்டோடு வந்தான். ஏதோ காரியமாக வந்திருப்பான் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். மகனாலும் மனவருத்தம். பொறியியல் படித்து, வங்கியில் நல்ல வேலையில் இருந்தவன், மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை விட்டுவிட்டு இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறான். யாராவது கேட்டால் "சொந்தத் தொழில்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். "நான் வேலையை விட்ட அன்றைக்கே நீங்கள் என்னோடு பேசுவதை விட்டுவிட்டீர்கள்" என்று ஒருமுறை சொன்னான். "பிறப்பொக்கும்" என்று தொடங்கிய வள்ளுவரே, தொழிலால் சிறப்பு வேறுபடும் என்றுதானே முடிக்கிறார்? மதிப்பெல்லாம் பதவிக்குத்தான், மனிதனுக்கு இல்லை என்றால் நான் இத்தனை ஆண்டுகள் யாராக வாழ்ந்தேன்? இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. யாரையாவது போய்ப் பாருங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ஓய்வு பெற்ற வட்டாட்சியர், தஞ்சாவூர் மாவட்டம்.

அன்புள்ள ஐயாவுக்கு, வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பைக் கேட்டுவிடுகிறேன். கடிதம் எழுதுபவர்களின் பெயரை வெளியிடுவதில்லை என்பது இப்பகுதியின் வழக்கம். அதனால், பதவியைக் கழித்துவிட்டால் தன்னிடம் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டு எழுதிய உங்களையே நான் பதவியைச் சொல்லித்தான் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. மேலே உள்ள சுருக்கத்தை எழுதி முடித்தபோது அது எனக்கே உறுத்தலாக இருந்தது.

அடுத்து, மற்ற எதற்கும் முன்பாக உங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். பின்னிரவில் விழிப்பு வந்து மறுபடி உறங்க முடியாமல் போவதோடு, பசி குறைந்திருப்பதாகவும், விரும்பிக் கேட்ட நாகசுரக் கச்சேரிகளில்கூட மனம் ஒட்டவில்லை என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இவை சேர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், வெறும் மனவருத்தம் என்று விட்டுவிடாமல், மனச்சோர்வு நோயா என்பதை மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் வயதில் தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே போன்ற சோர்வு வரும் என்பதால் அந்த இரத்தப் பரிசோதனையும் தேவை. தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் செல்லத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். யாரையாவது போய்ப் பாருங்கள் என்று உங்கள் மனைவி சொன்னது சரியான ஆலோசனை. நான் இனி எழுதப் போவதெல்லாம் அதற்கு மாற்று ஆகாது.

பதவி போன துயரத்தை நான் சிறுமையாக நினைக்கவில்லை. நாற்காலிக்குத்தான் மரியாதை என்பது இத்தனை நாள் தெரியாதா என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள்; அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் தந்தை ஒரு சான்றுக்காகத் தாலுகா அலுவலகத் திண்ணையில் பகல் முழுவதும் காத்துக் கிடந்தவர். அதே போன்ற ஓர் அலுவலகத்தின் உள்ளே, மேசைக்குப் பின்னால் அவருடைய மகன் போய் அமர்ந்தது உங்கள் குடும்பத்துக்குச் சம்பளம் கிடைத்த செய்தி மட்டுமாக இருந்திருக்காது. நம் ஊரில் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்ற கேள்விக்குள் வேறு பல கேள்விகள் மறைந்திருக்கின்றன, சாதியும் அவற்றுள் ஒன்று. அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து சொல்வதற்கு ஒரு விடை கிடைத்தவர்கள் அதை இறுகப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. ஓய்வு பெறும் வயது 2020-இல் 58-இலிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டபோது பலர் நிதிக் கணக்குப் போட்டார்கள். நீங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதாக எழுதியிருப்பதை நான் நம்புகிறேன்.

வேலை என்பது ஒரு மனிதருக்கு ஊதியத்தைத் தவிர வேறு என்ன தருகிறது என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். ஆஸ்திரியாவில் வியன்னா நகருக்கு அருகே மரியன்தால் என்றொரு சிற்றூர். ஊரே ஒரு துணி ஆலையை நம்பிப் பிழைத்துவந்தது. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய காலத்தில் அந்த ஆலை மூடப்பட்டு, பெரும்பாலான குடும்பங்கள் வேலை இழந்தன. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அடங்கிய குழு அங்கே சென்று மக்களோடு பழகிக் கண்டவற்றை 1933-இல் வெளியிட்டது. நேரம் கைநிறைய இருப்பவர்கள் நிறையப் படிப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் ஊர் நூலகம் கட்டணத்தையே நீக்கிய பிறகும், அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்ட நூல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஆய்வாளர்கள் மறைவாக நின்று கடிகாரம் வைத்துப் பார்த்தபோது, வேலை போன ஆண்கள் வீதியில் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களும் ஆலை வேலையை இழந்தவர்கள்தான். எனினும் அவர்களுக்குச் சமையலும் பிள்ளைகளும் துவைக்க வேண்டிய துணியும் இருந்ததால், அவர்களுடைய நாள் அந்த அளவுக்குக் குலைந்து போகவில்லை. அவர்கள் பட்டினியோடு இருந்தவர்கள், உங்களுக்கு மாதம் தவறாமல் ஓய்வூதியம் வருகிறது என்ற பெரிய வேறுபாட்டை மறந்துவிட்டு இந்த ஒப்புமையை நீட்டக் கூடாது. ஆனாலும் காலை நடைப்பயிற்சியில் ஐந்து நிமிடத் தூரத்துக்கு இருபது நிமிடம் ஆகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த வீதிதான் நினைவுக்கு வந்தது.

யஹோடா பிற்காலத்தில் இதைத் தொகுத்துச் சொன்னார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதப் பழக்கம், பலரோடு சேர்ந்து நிறைவேற்றும் ஒரு நோக்கம், ஏதாவது செய்தே ஆக வேண்டிய கட்டாயம், சமூகத்தில் இன்னார் என்ற அடையாளம் ஆகிய ஐந்தையும் வேலை நமக்குக் கேட்காமலே தந்துவிடுகிறது. உங்களுக்கு இந்த ஐந்தும் ஒரே மாலையில் போயின. நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் அழுதிருப்பது கடைசி ஒன்றுக்காக மட்டுமே. மற்ற நான்கையும் பதவி இல்லாமலே திரும்பப் பெற முடியும். அடையாளத்தை மட்டும் அப்படியே மீட்கப் பார்த்தால், ஏதாவது ஒரு சங்கத்தின் செயலாளர் நாற்காலியில் போய் முடியும். உங்களுக்கு அப்படியோர் அழைப்பு வந்திருக்கிறது. ஓராண்டு தள்ளிப்போடுங்கள் என்பது என் கருத்து. சங்கப் பணி நல்ல பணிதான். ஆனால் இப்போதுள்ள மனநிலையில் நீங்கள் அங்கே பணியைத் தேடிப் போக மாட்டீர்கள்.

பதவிப் பெயர் நிலைத்தால் மனிதர் நிலைப்பார் என்பதும் உண்மையாகத் தெரியவில்லை. உங்கள் துறையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கர்ணம், மணியம் முதலிய பழைய கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டு, அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள்; எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை ஏற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பல ஊர்களில் "கணக்குப்பிள்ளை வீடு", "மணியக்காரர் வீடு" என்று வழி சொல்கிறார்கள். அந்த வீட்டில் இருந்தவருடைய பெயரைக் கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் எதற்குச் சிரிப்பார், யாருக்கு அஞ்சினார் என்பதெல்லாம் போய், வீட்டு அடையாளம் மட்டும் நிற்கிறது.

இப்போது உங்கள் மனம் நோகக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் முழுக் கடிதத்திலும் பன்னிரண்டு பேர் வருகிறார்கள்; எண்ணிப் பார்த்தேன். பெயரோடு வருபவர்கள் இருவர்தான்: முன்னாள் மாவட்ட ஆட்சியர் ஒருவர், இப்போது உங்கள் நாற்காலியில் இருப்பவர். மனைவி "வீட்டில்" என்ற ஒரே சொல்லாக இருக்கிறார். மகன், பேரன், மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர், தலையாரி, அலுவலக உதவியாளர், மண்டபத்துப் பையன், டிரைவர் என்று மற்றவர்களும் அப்படியே. தந்தை மட்டும் உங்கள் கையெழுத்தில் தலைப்பெழுத்தாக இருக்கிறார் என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம். இது தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் தமிழில் வினைமுற்றும் ஆளை நிறுத்துப் பார்த்துவிடுகிறது. ஆட்சியர் "வந்தார்கள்", வட்டாட்சியர் "வந்தார்", டிரைவர் "வந்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓட்டுநர் உங்களைவிட மூன்று வயதே இளையவர் என்பதும், பதினோரு ஆண்டுகள் உங்களுக்கு ஜீப் ஓட்டினார் என்பதும் உங்கள் கடிதத்திலிருந்தே எனக்குத் தெரிந்தவை. அந்தப் பதினோரு ஆண்டுகளில் உங்களை எத்தனையோ திருமண மண்டபங்களுக்கு அழைத்துச் சென்றிருப்பார். நீங்கள் முன்வரிசையில் அமர்ந்த அந்த வேளைகளில் அவர் எங்கே அமர்ந்தார், எந்தப் பந்தியில் சாப்பிட்டார் என்பது கடிதத்தில் இல்லை.

குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மைத்துனர் வீட்டில் நடந்தது மரியாதைக் குறைவுதான். அறுபது கடந்த உறவினரை எழுப்பி இன்னொருவரை அமர்த்துவதற்கு எந்த விளக்கமும் பொருந்தாது. ஆனால் சான்றும் பட்டாவும் பெற்றவர்கள் எழுந்து இடம் தரவில்லை என்பதை நன்றிகெட்ட செயலாக நான் பார்க்க மாட்டேன். சாதிச் சான்று கேட்டு வந்தவருக்கு அது உரிமை. தகுதி இருந்ததால் கொடுத்தீர்கள், அதற்காக அரசு உங்களுக்கு ஊதியம் தந்தது. அந்நாளில் உங்களைக் கண்டதும் எழுந்து நின்றவர்களில் எத்தனை பேர் உங்களை மதித்து நின்றார்கள், எத்தனை பேர் ஒரு கையெழுத்துக்கு அஞ்சி நின்றார்கள் என்று பிரித்தறிய அன்று வழியே இல்லை. இன்று வழி இருக்கிறது. அதுதான் உங்களுக்கு வலிக்கிறது என்று நினைக்கிறேன்.

கரும்புக் கட்டுக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கான விடை அந்தக் கட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அவர் இன்னும் பணியில் இருப்பவர். இப்போது புதிய வட்டாட்சியருக்கு ஜீப் ஓட்டுகிறார். உங்களால் அவருக்கு ஆக வேண்டியது எதுவுமில்லை. ஆனாலும் பண்டிகை நாளில் உங்கள் வீட்டைத் தேடி வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பியிருக்கிறார். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்து, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்த நாட்களில், பதினோரு நாள் வீட்டுக்குப் போகாமல் நிவாரண முகாமில் இருந்ததாகவும், சமையலுக்கு ஆள் வராத ஓர் இரவில் நீங்களும் டிரைவருமாக அரிசி களைந்து உலையில் போட்டதாகவும் அதில் இருக்கிறது. அந்த இரவில் உங்களோடு அடுப்பில் விறகு தள்ளியவர்தான் கரும்போடு வந்தவர். அவர் யாரைப் பார்க்க வந்தார் என்று நினைக்கிறீர்கள்? மனிதனுக்கு மதிப்பில்லையா என்று இத்தனை மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களை மனிதராக மதித்து வந்தவரை, காரியமாக வந்திருப்பான் என்று வாசலோடு அனுப்பிவிட்டீர்கள்.

இதே பார்வைதான் மகனிடமும் நடந்திருக்கிறது. அவர் வங்கி வேலையை விட்டது சரியா, தவறா என்று நான் சொல்லப் போவதில்லை. வருமானம் சீராக இல்லை, பட்டறைக்கு வாங்கிய கடன் இருக்கிறது, திருமணப் பேச்சில் தடையாகிறது என்ற உங்கள் கவலைகளில் நியாயம் உண்டு. தொழிலைப் பற்றித் தந்தை கவலைப்படுவதற்கும், தொழிலின் பெயரால் மகனை மறைப்பதற்கும் இடையே உள்ள தொலைவைத்தான் சொல்கிறேன். "சொந்தத் தொழில்" என்ற இரண்டு சொற்களில் நீங்கள் பேச்சை முடித்துக்கொள்ளும்போது அவர் அருகில் நின்று அதைக் கேட்டிருப்பார். மண்டபத்தில் உங்களை எழுப்பியபோது மைத்துனர் பார்த்தும் பாராமல் இருந்தாரே, அந்த ஒரு நிமிடம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று மூன்று பக்கம் எழுதினீர்கள். உங்கள் மகன் அதையே மூன்று ஆண்டுகளாக ஒரே வரியில் வைத்திருக்கிறார். நீங்களும் அந்த வரியை மறக்காமல் எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள் என்பதால்தான் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லத் துணிகிறேன்.

குறளைப் பற்றிக் கேட்டீர்கள். "சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமையான்" என்பதில் வரும் செய்தொழிலைப் பிழைப்புக்கான தொழில் என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள், ஒருவர் செய்யும் செயல் என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது தரப்பில் இருப்பவன். அது "பெருமை" என்ற அதிகாரத்தில் வருகிறது. செய்வதற்கு அரிய செயலைச் செய்வதுதான் பெருமை என்று அந்த அதிகாரமே சொல்கிறது. நீங்கள் 972-ஆம் குறளோடு நூலை மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது. அடுத்த குறள் "மேலிருந்தும் மேலல்லார் மேலல்லர்" என்று தொடங்கி, "கீழிருந்தும் கீழல்லார் கீழல் லவர்" என்று முடிகிறது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், ஒரு பயிற்சியிலிருந்து தொடங்கச் சொல்வேன். உங்கள் மகனைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுங்கள். அதில் படிப்பு, வேலை, வருமானம், கடன், திருமணம் ஆகியவை வரக் கூடாது. என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் நான்காவது வரியில் நின்றுவிடுகிறார்கள். "நல்லவன்", "பொறுமைசாலி" என்று எழுதித் தப்பிக்கவும் கூடாது, ஏனெனில் அதுவும் இன்னொரு மதிப்பெண் பட்டியலாகிவிடும். எதைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும், சிறு வயதில் காய்ச்சல் வந்தால் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவார், கழற்றிப் போட்ட எந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்பன போன்றவை வேண்டும். எழுத முடியாத வரிகளுக்கு விடை பட்டறையில்தான் கிடைக்கும். போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அன்றைக்கு எத்தனை வண்டி வந்தது, எவ்வளவு மிஞ்சும் என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களைப் பற்றி இதே போலப் பத்து வரிகளை உங்கள் மனைவியிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் நிறுத்தாமல் எழுதுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் ஓய்வு இரண்டு முறை தள்ளிப்போனது. அவருக்கு ஓய்வு என்று ஒரு தேதியே குறிக்கப்படவில்லை என்பதையும் அப்போது பேசிக்கொள்ளலாம்.

ஓட்டுநர் வீட்டுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். சால்வை, இனிப்புப் பெட்டி என்று அதிகாரி வருகை போல ஆக்கிவிட வேண்டாம். அவருக்குத் தெரிந்த தெருவில், அவருடைய பிள்ளைகளுக்கு நடுவில், அவர் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு வந்தால் போதும். முதல் முறை இருவருக்குமே சங்கடமாக இருக்கும். அவர் உட்கார மாட்டார். இரண்டாவது முறை உட்காருவார்.

நாளுக்கு ஓர் ஒழுங்கு என்பதற்கு உங்கள் பழைய அறிவே கைகொடுக்கும். பட்டா மாறுதலுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், எந்தப் படிவத்தில் எங்கே தவறு செய்தால் மனு திரும்பி வரும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். வாரத்தில் இரண்டு முற்பகல்கள், ஊர் நூலகத்தின் மரத்தடியில் அமர்ந்து கேட்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். கையெழுத்திடும் அதிகாரம் இல்லாத நிலையில் வந்து கேட்பவர்களோடு எப்படிப் பழக்கம் ஏற்படுகிறது என்று பாருங்கள். வருபவரிடம் முதலில் பெயரைக் கேளுங்கள்.

அடுத்த மாதம் ஆயுத பூஜை வருகிறது. சென்ற ஆண்டு மகன் அழைத்தும், கூட்டத்தில் தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்கள் என்று நீங்கள் போகவில்லை. இந்த முறை அவர் அழைக்கத் தயங்கக்கூடும், காத்திருக்க வேண்டாம். பொரியும் கடலையும் நீங்களே வாங்கிக்கொண்டு, உங்கள் மனைவியோடு காலையிலேயே போய்விடுங்கள். துடைத்துச் சந்தனம் வைக்க வேண்டிய கருவிகள் நிறைய இருக்கும். அதன் பிறகு ஒரு கடிதம் எழுத முடிந்தால் மகிழ்வேன். பெயர்களை நான் வெளியிட மாட்டேன். ஆனாலும் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள்.